உப்போடு போனதும் வந்ததும்

வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்த நாலு நாளும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியலீங்களா டீச்சர்?" தெரிந்தது என்று சொன்னால் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே குழம்பிவிட்டது. அதனால் என் நினைவில் இருப்பதையும், மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் விழுங்கிய மாத்திரையை விழுங்குகிறவர்கள், நான் இருந்த விரதத்தை இருக்க நினைப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காவது உதவட்டும்.

எனக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து, ஐம்பத்திரண்டாவது வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். பீளமேட்டில் குடியிருக்கிறோம். கணவர் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். ஒரே மகள் கவிதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆறு வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அந்த மாத்திரையில் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மருந்து ஒன்றும் கலந்திருந்தது. நீரோடு சேர்ந்து உடம்பிலுள்ள உப்பும் போகும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஓய்வுக்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் ஒரு வேதாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். எங்கள் வகுப்பில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்தான். வீடு, நிலம், உடம்பு, உறவு எதுவும் நம்முடையது இல்லை. எல்லாம் கொஞ்ச காலத்துக்கு நம் கையில் கொடுத்து வைக்கப்பட்டவை. 'எனது' என்கிற பிடி தளர்ந்தால் மனம் தானாக அமைதியாகும். நான் நோட்டில் அழகாக எழுதிக்கொள்வேன். எழுதும்போதே மனசு பிறந்த ஊரான கருமத்தம்பட்டிக்குப் போய்விடும்.

அங்கே அப்பாவுக்கு நாலு ஏக்கர் காடு. எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். என் தம்பி சண்முகம் அங்கேயே இருந்து வெள்ளாமை பார்க்கிறான், பக்கத்தில் எட்டுத் தறி போட்டு ஓட்டுகிறான். எனக்குப் பாதி வரவேண்டும் என்று கேட்டபோது, அப்பாவின் முதல் தெவசத்தன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் அவன் சொன்னான், "கட்டிக் குடுத்த புள்ளைக்குக் காட்டுல என்னங்க்கா வேலை?" அடுத்த மாதமே கோர்ட்டுக்குப் போனேன். ஆறு வருடமாக வழக்கு நடந்தது. கடைசி நாலு வருடம் அவனோடு பேச்சு இல்லை. வகுப்பில் 'எதுவும் எனது இல்லை' என்று எழுதும்போது, அந்தக் கிணற்று மேட்டை அவன் தன்பக்கம் சேர்த்து வேலி போட்டிருப்பானோ என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இந்த நிலையில்தான் வகுப்பு நடத்தும் அம்மா, ஆளுக்கொரு பிரியமான பொருளை ஒரு மண்டலம் விட்டுப் பாருங்கள் என்றார். ஒருவர் காபியை விட்டார். ஒருவர் சீரியலை விட்டார். எனக்கு அதெல்லாம் சின்ன விஷயமாகப் பட்டது. உப்பை விடுகிறேன் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கணவரும் "பிரசருக்கு நல்லதுதான" என்றார். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத காய். பசிக்கும்போதெல்லாம் தண்ணீர். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து லிட்டர் குடித்திருப்பேன்.

முப்பது நாள் தாண்டியதும் தலை கனத்தது. குமட்டல் வந்தது. நடக்கும்போது கால் ஒரு பக்கமாக இழுத்தது. வார்த்தைகள் நழுவின, கரண்டியைக் கேட்க வாயைத் திறந்தால் 'அது, அது' என்றுதான் வரும். விரதத்தின் பலன் உள்ளே ஏதோ வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இட்லித் தட்டில் மாவுக்குப் பதில் தண்ணீரை ஊற்றி மூடிவைத்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றிருந்தேனாம். கணவர் வந்து "என்ன சரசு இது?" என்று கேட்டிருக்கிறார். "இது யாரு ஊட்டு அடுப்புங்க?" என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அவர் சட்டைகூட மாற்றவில்லை. கைலியோடு ஆட்டோ பிடித்து அவிநாசி ரோட்டிலுள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பக்கவாதமாக இருக்குமோ என்று முதலில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவோ அடைப்போ இருந்தால் அதில் தெரியும். ஒன்றும் இல்லை. பிறகு ரத்தப் பரிசோதனை வந்தது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்கவேண்டும். எனக்கு நூற்றுப்பத்து.

இளவயது டாக்டரம்மா ஒருவர் கணவரை உட்காரவைத்து விளக்கியதை அவர் அப்படியே எனக்குச் சொன்னார். ரத்தத்தில் உப்புக் குறைந்தால் தண்ணீர் மூளையின் செல்களுக்குள் ஏறிவிடும். மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் அதற்கு வீங்க இடம் கிடையாது. குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். சரி, உப்பை ஏற்றிவிட வேண்டியதுதானே என்று அவர் கேட்டிருக்கிறார். "அதுதாங்க ஆபத்து" என்றாராம் டாக்டர். "வேகமா ஏத்துனா மூளை நரம்பு கெட்டுப்போகும். அப்புறம் பேச்சு, நடை ரெண்டும் திரும்பாம போயிரலாம். சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தணும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாப்போம்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். என் கணவர் நாலு நாளும் அதில் ஒன்றில் இருந்தார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்று, யாரும் கூப்பிடாவிட்டால் மறுபடி உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே டாக்டரம்மா என்னிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிற வழி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் ஆயிரம் தடவை கேட்ட கணக்கு. "எதுக்குங்க கழிக்கணும்? நூறு நூறாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். இது எனக்கு நினைவிருக்கிறது. எவ்வளவு சரியான பதில் என்று தோன்றியதும் நினைவிருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் குழப்பமான பகுதி.

அந்த இரண்டு நாள் நான் அமைதியாக இருந்தேன். அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. ஜன்னல் வழியாக வெயில் விழுந்து, ஒரு கையின் மேல் படர்ந்திருந்தது. அது என் கை என்று தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய கை, வெயிலில் கிடக்கிறது, நன்றாக இருக்கிறது. உடம்பு வலித்தது, ஆனால் வலி யாருக்கோ வலித்தது. பயம் இல்லை. வழக்கு இல்லை. யார் மேலும் குறை இல்லை. ஏழு வருடம் வகுப்பில் உட்கார்ந்து நோட்டில் எழுதியதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் வந்து சேர்ந்துவிட்டதாக இருந்தது.

சண்முகம் வந்தது இரண்டாம் நாள் மத்தியானம். கணவர்தான் என்னைக் கேட்காமல் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். தறியை நிறுத்திவிட்டு அப்படியே வந்துவிட்டான். புருவத்தில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. "ஏனுங்க்கா, என்னைத் தெரியுதுங்களா?" என்றான்.

"தெரியுது. சம்முகம்" என்றேன். பிறகு அவன் எதுவும் கேட்காமலேயே சொன்னேன். "அந்தக் காடு நம்முளுது இல்ல சாமி. யாருதோ. நாம எதுக்கு அடிச்சுக்கறோம்? நீ பாட்டுக்கு உழுதுக்க."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஐம்பத்துநாலு வயது ஆள் அழுவதை நான் இதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சோடியம் நூற்றுப் பதினெட்டு, பிறகு நூற்று இருபத்திரண்டு. எண் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் கை என்னுடையதாயிற்று. ஊசி குத்திய இடம் எரிந்தது. பிறகு, போர்வையை யாரோ துவைக்காமல் கொடுத்துவிட்டார்கள் என்று எரிச்சல் வந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு முதலில் போன நர்ஸ் மேல் கோபம் வந்தது. நூற்று இருபத்தாறில், படுத்தபடியே, திடுக்கென்று நினைத்தேன்: சண்முகத்திடம் என்ன சொல்லித் தொலைத்தேன்? சாட்சிக்கு யார் இருந்தார்கள்?

வார்டுக்கு மாற்றிய அன்று, ஜமீலா என்ற ஆயாம்மா ஒரு கவரை நர்ஸிடம் வாங்கிக்கொண்டு வந்தார். கோட்டைமேட்டுக்காரர். கவருக்குள் என் நாலு வளையல். முதல் நாளே நான் கழற்றி அவர் கையில் கொடுத்தேனாம். அவர் நேராக நர்ஸிடம் ஒப்படைத்திருக்கிறார். நான் வாங்கி, மெத்தையில் பரப்பி, எண்ணிப் பார்த்தேன். சந்தேகம் வந்து இன்னொரு தடவை எண்ணினேன். ஆயாம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"குடுக்கறப்ப சிரிச்சுட்டே குடுத்தீங்க டீச்சரம்மா. யாருதோ தெரியலீங்க, வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்னீங்க. இப்ப ரெண்டு வாட்டி எண்ணறீங்க. அல்லா புண்ணியத்துல உடம்பு தேறிருச்சு, போங்க."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

காலை ரவுண்ட்ஸில் வந்த டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எனக்கு அந்த ரெண்டு நாள் மனசு ரொம்ப அமைதியா இருந்துச்சுங்க டாக்டர். அது நோயா, இல்ல வேற ஏதாவதுங்களா?"

"மூளை வீங்குனா சில பேர் சத்தம் போடுவாங்க, சில பேர் அமைதியாயிருவாங்க. நீங்க ரெண்டும் பண்ணுனீங்க" என்றார் அவர். "டிரிப்ஸைப் பிடுங்கி எறிஞ்சீங்க. நர்ஸ் கையில நகத்தடம் இருக்குது."

நானா? எனக்கு அதில் ஒரு துளிகூட நினைவில்லை. வெயிலில் கிடந்த கை நினைவிருக்கிறது. அந்தக் கைதான் நர்ஸைப் பிறாண்டியதா? இதை இன்றுவரை என்னால் ஒன்றுசேர்க்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் கவிதா என் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். முடி சிக்காகிக் கிடந்தது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வலிக்காமல் எடுத்தாள். நான் அவளிடம் அந்த அமைதியைப் பற்றிச் சொன்னேன். என் ஆயுசிலேயே அந்த இரண்டு நாள்தான் நிம்மதி என்று சொன்னேன். சீப்பு நின்றது.

"நிம்மதியா இருந்தியாம்மா? நான் பெங்களூர்ல இருந்து ஓடி வந்து உள்ள நுழைஞ்சப்ப நீ என்ன கேட்டேன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"'வாங்க அம்மணி, உக்காருங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?'ன்னு கேட்டே. ரொம்ப மரியாதையா. நான் உன் மகம்மான்னேன். 'அப்படீங்களா, சந்தோசமுங்க'ன்னே."

நான் அவள் பக்கம் திரும்ப முயன்றேன். திரும்பவிடாமல் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவும் உன்னுது இல்லைங்கறது அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா, அதுல நானும் ஒண்ணாம்மா?"

'என் மகள்' என்பதில் உள்ள அந்த 'என்' போனதால்தான் அந்த அமைதி வந்தது என்றால், அது எனக்கு வேண்டுமா? வேண்டாம் என்றால் ஏழு வருடம் எதற்காக அந்த மாடிப்படி ஏறினேன்?

பின்னலை முடித்துக்கொண்டே அவள் சொன்னாள். "நீ மாமாகிட்டக் காட்டைக் குடுத்துட்டேன்னு அப்பா சொன்னாரு. உனக்கு வேண்டாம்னா வேண்டாம். ஆனா ஒண்ணு. பொம்பளை விட்டுக்குடுத்தா எல்லாரும் அதுக்கு ஞானம்னு பேரு வெச்சிருவாங்க. மாமாவுக்கும்தான் ஆன்மா இருக்குது. அவரு விட்டுக்குடுக்கட்டுமே."

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். சாப்பாட்டில் எல்லோரையும் போல உப்பு, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. நடை மட்டும் உடனே சரியாகவில்லை. படி இறங்கும்போது பாதம் எங்கே வைக்கிறோம் என்பது ஒரு கணம் தாமதமாகத்தான் தெரிந்தது.

வகுப்பு நடத்தும் அம்மா போன் செய்தார். பயந்துபோயிருந்தார். "நான் காபி, சீரியல் மாதிரி எதையாச்சும் விடுங்கன்னுதானுங்க சொன்னேன். உப்பை விடச் சொல்லலீங்களே" என்றார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, கவிதாவிடம் ஊர் கேட்டதையும் சொல்லி, டாக்டரிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டேன். நாம் படிக்கிற அமைதி அதுதானா?

"ஞானம் வந்தவங்க பெத்த மகளைப் பாத்து எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கறேனுங்க. ஆனா எனக்கு அது வந்ததில்லீங்க. அதனால உறுதியாச் சொல்ல முடியல" என்றார். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

படுத்துக் கிடந்த அந்த நாட்களில் வேறொன்றும் யோசித்தேன். வீட்டில் ஹோமம் செய்யும்போது, ஒவ்வொரு தடவை நெய்யை ஊற்றியதும் 'இது என்னுடையது இல்லை' என்று ஐயர் சொல்ல, நாமும் சொல்கிறோம். அந்த நெய் அதுவரை நம் கையில் இருந்தது. நாம் வாங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் நான் காட்டைக் கொடுத்தபோது என் கையில் ஒன்றும் இல்லை. என் கையே என்னிடம் இல்லை. அப்படிக் கொடுத்தது கொடுத்ததாகுமா? இதை யோசிக்க ஆரம்பித்தால் தலை வலிக்கும். எழுந்து போய் ஏதாவது வேலை பார்ப்பேன்.

இரண்டு வாரம் கழித்துச் சண்முகம் ஆறு இளநீரோடு வந்தான். எனக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு என்றதும் அவன் முகம் வாடியது. கணவர் அவனுக்காக ஒன்றைக் குடித்தார். அவர் எழுந்து உள்ளே போனதும் அவன் சொன்னான்.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரில சொன்னத நான் வக்கீலுகிட்டக்கூடச் சொல்லலீங்க. நெனவு தப்புனப்ப சொன்னத வெச்சுப் பொழைக்கற ஆளு நானில்லீங்க." அவன் தரையைப் பார்த்தான். "ஆனா நீங்க சொன்னப்ப எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்குச்சுங்க. நல்லா இருக்கறப்ப இன்னொருக்கா அதச் சொல்லுவீங்களான்னு கேக்கத்தான் வந்தனுங்க."

நான் முயன்றேன். உண்மையாகவே வாயைத் திறந்தேன். "வரலப்பா" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். "எனக்கும் வராதுங்க" என்றான். "உங்களுக்குப் பாதியக் குடுத்துப்போட்டு நிம்மதியா இருக்கலாம்னு நானும் எத்தனையோ நாள் நெனச்சுப் பாத்துட்டேன். காலைல எந்திரிச்சு அந்தக் கெணத்தப் பாத்தா மனசு மாறிப் போயிருது. அப்பாவுக்கு ரெண்டு வருசம் பீ மூத்திரம் எடுத்தவன் நானுங்க்கா. அதக் கோர்ட்டுப் பேப்பர்ல எந்த எடத்துல எழுதறதுன்னு தெரியல."

ஆறு வருடத்தில் அதை ஒரு தடவைகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் செய்தான் என்று எனக்குத் தெரியும். நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பியவள்.

"கெணறும் அதச் சுத்தி அரை ஏக்கரும் நீ வெச்சுக்க" என்றேன். "அது அப்பாவப் பாத்துக்கிட்டதுக்கு. மீதிய ரெண்டாப் பிரிச்சுக்கலாம். என் பாகத்த நான் விடமாட்டேன்."

சொல்லி முடித்ததுமே கொடுத்தது வலித்தது. கிணற்றை ஒட்டியதுதான் நல்ல மண். "சரிங்க்கா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் எங்கோ வலித்தது தெரிந்தது.

அன்று சாயங்காலம் கவிதாவிடம் போனில் சொன்னேன். "நல்லா யோசிச்சியாம்மா?" என்றாள். "யோசிச்சேன். இப்பவும் வலிக்குது" என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டதாகக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தோம். பிறகு ஒரு நாள் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யப் போனோம். பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் அந்த அதிகாரி பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். "இதுல எழுதியிருக்கறது உங்களுக்குத் தெரியும்ங்களா? முழு சுயநினைவோடதான் கையெழுத்துப் போடறீங்களா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. எல்லோரும் உடனே ஆமாம் என்று சொல்கிற கேள்வி. எனக்கு மட்டும் வாய் வரவில்லை. எந்த நினைவைக் கேட்கிறார்? கொடுத்ததும் வலிக்காமல் கிடந்த அந்த நினைவா, இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற இந்த நினைவா? எது சுயம்? அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சண்முகத்தின் முகம் வெளுத்துப்போனது. நான் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

"ஆமாங்க. எல்லாம் என்னுதுன்னு தெரிஞ்சுதானுங்க போடறேன்" என்றேன்.

"ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும்மா" என்றார் அவர். கையெழுத்துப் போட்டேன். விரல் ரேகையை மிஷின் முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தது.

வெளியே வந்ததும் சண்முகம் கேட்டான். "ஏனுங்க்கா, உள்ள எதுக்கு அவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

"அவரு கேட்டதுக்கு என்ன பதில்னு எனக்கு நெசமாவே தெரியலப்பா. இப்பவும் தெரியல" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கட்டடத்துக்கு முன்னால் ஐந்தாறு படிகள். கைப்பிடி கிடையாது. "படி இருக்குதுங்க, பாத்து" என்று சொல்லி, ஒரு படி முன்னால் இறங்கி நின்று கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.